சந்தாபுராவுக்கு வண்டி வராது

2-3-1999, செவ்வாய்
கோவிந்தனுக்கு இனிமேல் ரேடியேஷன் கரண்ட் வைக்கப் போவதில்லை என்று ஆஸ்பத்திரியில் இன்று சொல்லிவிட்டார்கள். நாக்கில் வந்த கேன்சர் கழுத்துக்கு இறங்கிவிட்டது. பேச்சு போய்விட்டது, மூக்கில் குழாய். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, வலி இல்லாம பாத்துக்கங்க" என்றார் டாக்டர். எப்படி? அதற்கு ஒரு சீட்டு கொடுத்தார்: மார்ஃபின்.

புளி மண்டியில் இருபத்திரண்டு வருஷக் கூட்டாளி.

4-3
சிவாஜிநகரில் ஆரம்பித்துப் பதினோரு மருந்துக்கடை ஏறி இறங்கினேன். "லைசென்ஸ் பேக்கு சார், நம் ஹத்ர இல்லா" என்றான் கடைசிக் கடைக்காரன் கன்னடத்தில். லைசென்ஸ் வேண்டுமாம், அவனிடம் இல்லையாம். இந்த ஊரில் என்னால் வாங்க முடியாத சரக்கும் இருக்கிறது.

6-3
லைசென்ஸ் உள்ள இடம் ஒன்று தெரிந்தது. முற்றின கேன்சர்காரர்களுக்கென்றே ஓர் இல்லம். எல்லாம் இலவசம். நர்ஸ் வண்டியில் வீட்டுக்கே வருகிறார். ஆனால் வண்டி மடிவாளா தாண்டாது. கோவிந்தன் இருப்பது அதற்கும் அப்பால், சந்தாபுராவில் — மனை மலிவு என்று அங்கே வாங்கச் சொன்னதே நான்தான்.

ஷோபா என்கிற நர்ஸின் மேஜையில் பணத்தை எடுத்து வைத்தேன். தொடக்கூட இல்லை. "இத வாங்கினா நாளைலேர்ந்து வண்டி உங்கள மாதிரி ஆளுங்க வீட்டுக்குத்தான் போகும் சார். யாருக்கு வலி ஜாஸ்தியோ அவங்களுக்குத்தான் மொதல்ல. ஒரு தடவ கூட்டிட்டு வாங்க, பாக்கறோம்."

திமிர். நியாயமான திமிர், அதுதான் எரிச்சல்.

9-3
டெம்போவில் மெத்தை போட்டுக் கூட்டிப்போனேன். "வலியே இல்லன்னா சைபர், தாங்கவே முடியலன்னா பத்து. இப்ப எவ்ளோ?" என்று ஷோபா கேட்டாள். கோவிந்தன் மூன்று விரல் காட்டினான்.

மூன்றா? வழியில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் என் தொடையைப் பிய்த்தானே!

"பொய் சொல்றான் மேடம்."

"மூஞ்சியப் பாத்தா எனக்கும் நம்பிக்கை இல்ல. ஆனா வலி அவரோடது சார்."

மூன்றுக்கு உண்டான மாத்திரைதான் கிடைத்தது.

10-3
கோவிந்தன் மனைவி சரளா பூத்திலிருந்து போன் செய்தாள். "தலைய செவுத்துல முட்டிக்கிறாருண்ணா. கிட்ட போனா போன்னு கைய ஆட்டறாரு."

ஏன்டா மூணுன்னு சொன்ன, பாவி?

11-3
காலையில் மண்டியில் புளி கொண்டுவந்த ஒரு தும்கூர்க்காரனிடம் மண்டி வழக்கப்படி பாதி விலையில் பேச ஆரம்பித்தேன். அப்போதுதான் உறைத்தது. எங்கள் கடைக்குக் கொள்முதல் செய்கிறவன் கோவிந்தன். எவ்வளவு என்று யார் கேட்டாலும் அடிமட்டத்தில்தான் ஆரம்பிப்பான். நாலு பேர் பார்க்க உண்மையான எண்ணைச் சொன்னதே கிடையாது. அது துண்டுக்கடியில், எதிராளி விரலைப் பிடித்துச் சொல்வதுதான்.

சந்தாபுராவுக்கு ஓடினேன். சரளாவை வெளியே அனுப்பிவிட்டு எங்கள் கைகள்மேல் துண்டைப் போட்டேன். "இப்ப சொல்லு. கடைசி வெலை எவ்ளோ?"

என் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தான். விட்டான். மறுபடி நான்கு.

ஒன்பது.

அந்த நான்கு விரலை விடவே இல்லை.

12-3
ஷோபாவிடம் சொன்னேன். சிரிக்கவில்லை. டாக்டர் மார்ஃபின் எழுதினார். ஆனால் நர்ஸ் வீட்டுக்குப் போய்ப் பார்த்துப் பார்த்துத்தான் அளவை ஏற்ற வேண்டுமாம்.

"என் டெம்போ இருக்கு, ஏறிக்கங்க."

"அவர் ஒருத்தருக்குன்னா வரமாட்டேன் சார். ஓசூர் ரோட்டுல இன்னும் அஞ்சு பேர் இருக்காங்க. ஆனேக்கல்ல அம்புஜம்னு ஒரு அம்மா, ஊதுவத்தி உருட்டறவங்க. ரெண்டு பஸ் மாறி வருவாங்க. போன வாரம் வரல. ஏன்னு போய்ப் பாக்க வண்டி இல்ல."

"அதுக்கு நான் என்ன பண்ணணும்?" கத்திவிட்டு வந்தேன். மண்டியில் எல்லார்மேலும் விழுந்தேன். யார் அந்த அம்புஜம்? பெயரைக் கேட்காமலே இருந்திருக்கலாம்.

13-3
மாத்திரையைப் பொடித்துக் கரைத்துக் குழாயில் ஊற்றினாளாம் சரளா. மத்தியானம் இரண்டு மணி நேரம் தூங்கினானாம்.

15-3
ஷோபாவிடம் திரும்பிப் போய்ப் பேசி முடித்தது: செவ்வாயும் வெள்ளியும் டெம்போ ஷோபாவுக்கு. டிரைவர், டீசல் என்னுடையது. ஆறு வீடு. எது முதல் என்பது அவள் முடிவு. நான் வாய் திறக்கக்கூடாது. நாளைக்கு அம்புஜம் முதல், கோவிந்தன் நான்காவது. கோவிந்தன் போன பிறகும் வண்டி நிற்கக்கூடாது என்றாள். ஆறு மாதம் என்றேன். இரண்டு வருஷம் என்றாள். ஒரு வருஷத்துக்கு இறங்குவாள் என்று பார்த்தேன். இறங்கவில்லை.

இரண்டு வருஷம்.