போட்டோவில் நான் நிற்கும் இடம்

நெடுந்திடல்,
திருப்பனந்தாள் வழி,
20-7-1970

அன்புள்ள உங்களுக்கு,

ஞானம் எழுதிக்கொண்டது. நமஸ்காரம். நான் இங்கு சௌக்கியம் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன். நீங்களும் அகிலாண்டமும் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? காலேஜுக்குக் கிளம்புகிற அவசரத்தில் அவள் வெறும் வயிற்றோடு ஓடிவிடுவாள். அப்பாவும் பெண்ணும் ஹோட்டல் இட்லியிலேயே காலம் தள்ளாதீர்கள்.

இனி என் கதையைக் கேளுங்கள். வந்து பதினெட்டு நாளாகிறது. கிணற்று ராட்டினம் உடைந்து பதினைந்து நாளாகிறது. தச்சர் நாளைக்கு வருகிறேன் என்கிறார். இந்த ஊரில் நாளைக்கு என்றால் இன்றைக்கு இல்லை என்று மட்டும்தான் அர்த்தம் என்பது எனக்கு இப்போதுதான் புரிகிறது. நேற்று அவர் வீட்டுக்கே போய்க் கேட்டேன். அவருக்குக் கோபமே வரவில்லை. உட்காருங்கம்மா, மோர் குடிக்கிறீங்களா என்கிறார். கோபித்துக்கொண்டாலாவது சண்டை போட்டிருப்பேன்.

பஸ் ஒரு நாளைக்கு இரண்டு தடவை வருகிறது. போன புதன்கிழமை கும்பகோணம் போகலாம் என்று ஏறி உட்கார்ந்தேன். பஸ் கிளம்பவில்லை. உங்கள் பெரியப்பா பிள்ளை வாஞ்சி அண்ணா ஸ்நானம் பண்ணிக்கொண்டிருக்கிறாராம், அவர் வந்ததும்தான் புறப்படுமாம். அவர் நிதானமாக விபூதி இட்டுக்கொண்டு, வெற்றிலைப் பெட்டியோடு வந்து சேர்ந்தார். பஸ்ஸில் இருந்த முப்பது பேரில் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. நான் வாயைத் திறந்தேன். எல்லோரும் என்னைத்தான் விநோதமாகப் பார்த்தார்கள்.

பதினாறு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நிமிஷத்துக்கு நாலு டிரங்க் கால் போட்டுக் கொடுத்தவள் நான். என்னை இப்படிக் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டீர்களே. ரத்தக் கொதிப்பு என்று டாக்டர் உங்களிடம் தனியாகச் சொன்னாராம், ஆறு மாதம் ஊர்க் காற்றும் உப்பில்லாச் சாப்பாடும் வேண்டுமாம். காற்று இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் உப்பில்லாத ரசத்தைக் குடித்துக்கொண்டு இங்கே உட்கார்ந்திருந்தால் இல்லாத கொதிப்பும் வந்துவிடும்.

கொல்லைக் கதவைத் திறந்தால் நம் பத்து மா நிலம். உங்கள் அப்பா காலத்தில் குத்தகைக்கு எடுத்தாரே இளையபெருமாள், அவருடைய மகன் ரெத்தினம்தான் இப்போது உழுகிறார். அவரைப் பார்த்தாலே எனக்கு எரிச்சலாக வருகிறது. காலையில் வாய்க்கால் மடையைத் திறந்துவிட்டு, மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிற்கிறார். நான் குளித்துச் சமைத்துச் சாப்பிட்டுப் பேப்பர் படித்துவிட்டு வந்து பார்த்தாலும் அப்படியே நிற்கிறார். என்ன பண்ணுகிறீர் என்று கேட்டேன். தண்ணி ஏறட்டும்மா என்றார். அதற்கு ஒரு ஆள் பாதி நாள் நிற்க வேண்டுமா? இந்த ஊரில் யாருக்கும் அவசரமே கிடையாதா?

அகிலாண்டத்திடம் லைப்ரரி புஸ்தகத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். எனக்கு நாலு வாரப் பத்திரிகையாவது தபாலில் அனுப்புங்கள், புண்ணியமாகப் போகும்.

இப்படிக்கு,
உங்கள் ஞானம்


நெடுந்திடல்,
14-9-1970

அன்புள்ள உங்களுக்கு,

நமஸ்காரம். பத்திரிகைகள் வந்தன. தபால்காரர் அப்துல் அஜீஸ் எல்லாவற்றையும் தானும் ஒரு முறை புரட்டிவிட்டுத்தான் கொடுத்தார். நானும் ஒன்றும் சொல்லவில்லை. இந்த ஊர் எனக்கும் கொஞ்சம் பிடிபட்டுவிட்டது போலிருக்கிறது.

ஒரு நல்ல சமாசாரம். மாத்திரை தீர்ந்துபோனதால் கும்பகோணத்தில் ஒரு லேடி டாக்டரைப் போய்ப் பார்த்தேன். இரண்டு கையிலும் பட்டை கட்டிப் பார்த்தாள். ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது, இது வெறும் சத்து மாத்திரைதானே, உங்களை யார் உப்பில்லாமல் சாப்பிடச் சொன்னது என்று கேட்டாள். ஊர்க் காற்று இரண்டே மாதத்தில் குணப்படுத்திவிட்டது என்று நம் டாக்டரிடம் சொல்லுங்கள். அன்று கும்பகோணத்திலேயே ஒரு ஓட்டலுக்குப் போய் உப்பும் உறைப்புமாகச் சாப்பிட்டேன். இலையை வழித்துச் சாப்பிட்டேன் என்றால் நம்பமாட்டீர்கள்.

நடவு முடிந்துவிட்டது. நடவன்று வாஞ்சி அண்ணா கும்பகோணத்திலிருந்து போட்டோக்காரரை அழைத்து வந்தார். நீங்கள்தான் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி எழுதினீர்களாம். இத்தனை வருஷத்தில் என்னை ஒரு படம் எடுக்கத் தோன்றியதே என்று எனக்குச் சந்தோஷம்தான். ஒன்பது கஜத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையில் ஒரு முடி நாற்றோடு சேற்றில் இறங்கி நின்றேன். ரெத்தினத்தின் சம்சாரம் அம்சம் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கேட்டதற்குச் சொன்னாள், நடவு நடுகிறவர்கள் நட்டுக்கொண்டே பின்னால் பின்னால் போவார்களாம். நானோ, அவர்கள் நட்டுவிட்டுப் போன நாற்றையெல்லாம் மிதித்துக்கொண்டு முன்பக்கம் பார்த்து நிற்கிறேனாம். படம் பிடித்த பிறகு அவள் என் காலடியில் சாய்ந்த நாற்றைப் பிடுங்கி மறுபடி நட்டாள். நானும் கூடக் குனிந்து பத்துக் குத்து நட்டேன். இடுப்பு இன்னும் வலிக்கிறது.

அன்று அவளுக்குக் காப்பி கொடுத்தேன். நம் டம்ளரில் கொடுத்துவிட்டேன் என்று வாஞ்சி அண்ணாவின் மனைவி மூன்று நாள் என்னோடு பேசவில்லை. எக்ஸ்சேஞ்ச் கேன்டீனில் யார் வாய் வைத்த டம்ளர் என்று பார்த்தா குடித்தேன்? அந்த அம்மாளிடம் அதை அப்படியே சொன்னேன். இப்போது நாலாவது நாளாகப் பேசவில்லை.

உடம்புதான் சரியாகிவிட்டதே, தீபாவளிக்கு முன்பே நான் புறப்பட்டு வரட்டுமா? உடனே பதில் போடுங்கள்.

உங்கள் ஞானம்


நெடுந்திடல்,
8-11-1970

நமஸ்காரம்.

உங்கள் கார்டு வந்தது. கவருக்குள் வைத்து எழுத வேண்டிய சங்கதியைக் கார்டில் எழுதியிருக்கிறீர்கள். அப்துல் அஜீஸ் வந்த தபால் எல்லாவற்றையும் படிக்கிறவர் என்று நானே உங்களுக்கு எழுதியிருந்தேன். எப்போதும் நின்று நாலு வார்த்தை பேசுகிறவர், அன்று என் முகத்தைப் பார்க்காமல் கார்டைக் குப்புறக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அந்த மனுஷருக்கு இருந்த கூச்சம் உங்களுக்கு இல்லை.

நடந்ததை வாஞ்சி அண்ணா தம் வழியில் உங்களுக்கு எழுதியிருப்பார். என் வாயாலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

போன மாதக் கடைசியில் அவர் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து கையெழுத்துப் போடச் சொன்னார். பத்து மாவும் நம் சொந்தச் சாகுபடி, வீட்டார் உள்ளூரில் குடியிருந்து பயிர் வைக்கிறார்கள், ரெத்தினமும் அம்சமும் கூலிக்கு வந்த ஆட்கள் என்று அதில் எழுதியிருந்தது. இது என்ன என்று கேட்டேன். அவர் ஆச்சரியப்பட்டுப் போனார்.

"பஞ்சு உங்கிட்ட ஒண்ணும் சொல்லலையா? ஆத்து மனுஷா ஒருத்தராவது ஊர்ல இருந்தாத்தானே சொந்தப் பயிர்னு சொல்ல முடியும். அதுக்குத்தானே உன்னைக் கொண்டுவந்து விட்டிருக்கான்."

பிறகு அவரே எல்லாம் விளக்கினார். இந்த சர்க்கார் புதுச் சட்டம் போட்டிருக்கிறதாம். யார் குத்தகைக்கு உழுகிறார்களோ அவர்கள் பெயரை ஊர் ஊராக வந்து பதிந்துகொண்டு போகிறார்களாம். பெயர் ஏறிவிட்டால் ரெத்தினத்தை நாம் வெளியேற்ற முடியாது. வெளியேற்றாவிட்டால் நிலத்தை விற்க முடியாது. விற்காவிட்டால் நங்கநல்லூரில் மனை வாங்க முடியாது. உதயசூரியன்காரர்களையும் சிவப்புக் கொடிக்காரர்களையும் சேர்த்து வைதுவிட்டு, வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து மறுபடி பேனாவை நீட்டினார்.

அப்படியென்றால் எனக்கு ரத்தக் கொதிப்பே இல்லை. டாக்டர் உங்களைத் தனியாக அழைக்கவும் இல்லை. கும்பகோணத்து டாக்டரைப் பார்க்கிற வரைக்கும் எனக்கு வியாதி என்று நானே நம்பி, மாடிப்படி ஏறினால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, இனி எத்தனை நாளோ என்று அகிலாண்டத்தின் கல்யாணத்தைப் பற்றி நினைத்து அழுதிருக்கிறேன். நிலத்துக்காகச் சொன்ன பொய்யைக்கூட மன்னித்துவிடுவேன். பெண்டாட்டியின் உடம்பைப் பற்றி ஒருவன் பொய் சொல்வானா? வேறு காரணம் ஒன்றும் உங்களுக்குக் கிடைக்கவில்லையா?

அந்த மனை எனக்கும் ஆசைதான். கிணறு எங்கே, துளசி மாடம் எங்கே என்று உங்களோடு உட்கார்ந்து கோடு போட்டவள்தானே நான். விஷயத்தை முதலிலேயே என்னிடம் சொல்லியிருந்தால், ஊரையும் பார்க்காமல், அங்கே பட்டணத்தில் இருந்தபடியே கையெழுத்துப் போட்டிருப்பேனோ என்னவோ. அதை நினைத்தாலும் எனக்கு என்மேலேயே கோபம் வருகிறது. ஆனால் நீங்கள் என்னை இங்கே கொண்டுவந்து, செய்ய ஒரு வேலையும் இல்லாமல் கொல்லைக் கதவடியில் உட்கார வைத்தீர்கள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். வேறென்ன செய்ய முடியும்?

மண்வெட்டியோடு சும்மா நிற்கிறார் என்று ரெத்தினத்தைப் பற்றி எழுதினேன் அல்லவா? அது சும்மா நிற்பது இல்லை. நம் வாய்க்காலுக்குத் தண்ணீர் முறை வாரத்தில் அரை நாள். அந்த அரை நாளில் மேல்மடைக்காரர் ஒரு கொத்து மண்ணை வெட்டிப் போட்டால் போதும், கீழ்க்கோடி இரண்டு மா காய்ந்துவிடும். அதற்காகத்தான் அவர் கண்ணை எடுக்காமல் நிற்கிறார். ஐப்பசி மழையில் வரப்பு உடைந்தபோது புருஷனும் பெண்டாட்டியும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வைக்கோலும் மண்ணும் வைத்து அடைத்தார்கள். நாம் அப்போது எங்கே இருந்தோம்? நீங்கள் ஆபீஸில், வாஞ்சி அண்ணா ஊஞ்சலில், நான் தாழ்வாரத்தில்.

தாசில்தார் போன திங்கட்கிழமை சாவடிக்கு வந்தார். ரெத்தினம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். அவர் கையில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. உங்கள் அப்பாவும் அவர் அப்பாவும் வாய் வார்த்தையில் பேசிக்கொண்டதுதான். வாஞ்சி அண்ணா என் கையெழுத்து இல்லாமலே அந்தக் காகிதத்தை நீட்டினார், கூடவே போட்டோவையும் வைத்தார். எனக்கு அனுப்பவே இல்லையே என்று நான் காத்திருந்த போட்டோ. அந்த அம்மாவே வயலில் இறங்கி நடுகிறார் பாருங்கள் என்றார். தாசில்தார் அதைப் பார்த்துவிட்டு, நீங்கள்தானே இது, சாகுபடி யாருடையது என்று என்னைக் கேட்டார்.

"சாகுபடி ரெத்தினத்தோடதுதான். குத்தகைக்கு உழறார். நாலு மாசமா நான் கண்ணால பாத்துண்டிருக்கேன். அந்தப் போட்டோல நான் நிக்கறது அவர் சம்சாரம் நட்ட நாத்து மேல."

எழுதிக்கொள் என்று தாசில்தார் குமாஸ்தாவிடம் சொன்னார். ரெத்தினத்தின் பெயரை எழுதி, கைநாட்டு வாங்கினார்கள்.

அதற்குப் பிறகு நம் தெருவில் என்னோடு பேச ஆளில்லை. தண்ணீர் சேந்திக் கொடுக்கிற நாகம்மாளையும் வரவிடாமல் நிறுத்திவிட்டார்கள். நானே சேந்திக்கொள்கிறேன். ரெத்தினம் ஒரு வார்த்தை நன்றி சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அம்சம்தான் மறுநாள் கொல்லைப் பக்கம் வந்து நின்றாள். "ஏம்மா இப்படிச் சொன்னீங்க, அய்யா உங்கள வைவாங்களே" என்றாள். நிலம் போயிருந்தால் தெருவில் நின்றிருக்க வேண்டியவள், எனக்காகப் பயப்படுகிறாள். அவள் முன்னால் அழக்கூடாது என்று உள்ளே வந்துவிட்டேன்.

அவள் சொன்னபடியே உங்கள் கார்டு வந்தது. ஊர்தான் உனக்கு ஒசத்தி என்றால் அங்கேயே இருந்துகொள், இங்கே வரவேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். குத்தகைக்காரரை வெளியேற்றுவதற்கே இப்போது ஆயிரம் கேள்வி கேட்கிறார்கள். இருபத்திரண்டு வருஷம் உங்களோடு குடித்தனம் செய்தவளை வெளியேற்ற ஒரு கார்டு போதும் என்று நினைத்துவிட்டீர்களா? அந்த வீட்டில் என் சாகுபடி ஒன்றுமே இல்லையா?

நான் வருகிறேன். மீதி லீவை ரத்துச் செய்யச் சொல்லி சூப்பர்வைசருக்கு எழுதிவிட்டேன். பதினாறாம் தேதி டூட்டியில் சேர வேண்டும். பதினைந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் எழும்பூரில் இறங்குகிறேன். ஸ்டேஷனுக்கு வந்தே ஆக வேண்டும் என்று கேட்கவில்லை. அங்கிருந்து வீட்டுக்கு எந்த பஸ் என்று எனக்குத் தெரியும்.

அகிலாண்டத்திடம் எதையும் மறைக்காதீர்கள். இந்தக் கடிதத்தையே அவளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவளுக்கு என் ஆசீர்வாதம்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். வாசல் சாவி ஒன்று என்னிடமும் இருக்கிறது. ஆனால் அதைப் போட்டு நான் திறக்கமாட்டேன், கதவைத் தட்டுவேன். அவளை அனுப்பாமல் நீங்களே எழுந்து வந்து திறங்கள். திறந்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள், வாசலில் நின்று கேட்டுக்கொள்கிறேன்.

ஞானம்