பன்னிரண்டு வீட்டுச் சாமந்தி

பாதுகாவலர் பதிவு. வீடு 7, தூத்துக்குடி. எழுதுபவர்: பெனித்தா.

2071 ஆகஸ்ட் 3, 10:15. அனுப்பியது.
வெப்பம் 26. உப்பு 35. கடல் சாமந்தி நன்றாக விரிந்திருக்கிறது. குறுக்களவு ஒரு சாண். கோமாளி மீன் இரண்டும் அதன் கைகளுக்குள். அடிக்கல்லில் முட்டைகள். ஆண் மீன் விசிறிக்கொண்டே இருக்கிறது, தீனிக்குக்கூட வரவில்லை.

பின்னாளில் இதைப் படிப்பவருக்கு: மன்னார் வளைகுடா சூடேறியபின் மிஞ்சியது ஒரே ஒரு கடல் சாமந்தி, பூப்போல விரியும் விலங்கு. மண்டபம் கடல் ஆய்வு மையம் அதைப் பன்னிரண்டு துண்டாக வெட்டி வளர்த்து, பன்னிரண்டு வீடுகளின் கடல்நீர்த் தொட்டிகளுக்குக் கொடுத்தது. ஓரிடத்தில் மின்சாரம் போனால் எல்லாமே போய்விடக் கூடாதே. நாங்கள் அனுப்பும் பதிவுகளை மையமும் மற்ற வீட்டாரும் படிப்பார்கள்.

வீடு 11, கீழக்கரை ஜெய்னம்பு லாத்தாவின் (அங்கே அக்காவை லாத்தா என்பார்கள்) குரல் செய்தி: "பெனித்தா, ஒன் வீட்டுல முட்டையாமே! இங்க ரெண்டும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நிக்கிது புள்ள. மாமியா மருமவ கணக்கா."

ஆகஸ்ட் 4, 13:10. அனுப்பவில்லை.
ஜோவிட்டாவுக்கு டயப்பர் புண். என் எட்டு மாதக் குழந்தை, வீறிட்டு அழுதாள். களிம்பு தடவிக்கொண்டிருந்தபோது தொட்டியின் அலை விசிறி கழன்று சாமந்திமேல் சரிவதைப் பார்த்தேன். பட்டால் கைகளை அரைத்துவிடும். ஓடிப்போய் முழங்கை வரை கையை விட்டுத் தூக்கினேன். பிறகுதான் விரல்களைப் பார்த்தேன். பாதிக் களிம்பு நீரில் கரைந்திருந்தது.

களிம்பில் துத்தநாகம். சாமந்திக்கு விஷம். பயிற்சியின் முதல் நாளே சொன்னார்கள்: கை கழுவாமல் தொட்டியைத் தொடாதே. கழுவ எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அரை நிமிடம்.

ஆகஸ்ட் 4, 18:30. அனுப்பியது.
சாமந்தி சுருங்கியுள்ளது. வாய் பிளந்திருக்கிறது. காரணம்: தெரியவில்லை.

ஆகஸ்ட் 5, 09:00. அனுப்பவில்லை.
மூன்றில் இரண்டு பங்கு நீரை மாற்றினேன். காப்பாற்றத்தான் மாற்றினேன். ஆனால் மையம் கேட்ட நீர் மாதிரியை அதற்குப் பிறகு எடுத்தேனே, அது எதற்காக?

ஆகஸ்ட் 5, 16:20. அனுப்பியது.
சாமந்தி இறந்தது. கூழாகிவிட்டது, அள்ளி எடுத்துவிட்டேன். மீன்கள் உயிருடன் உள்ளன. காரணம்: தெரியவில்லை.

ஆகஸ்ட் 6, 11:00. அனுப்பவில்லை.
மையத்திலிருந்து முத்துச்செல்வி அக்கா: "ஏம்மா பெனித்தா, ஒன் தண்ணியில ஒண்ணுமே இல்ல, சுத்தமா இருக்கு. அப்ப இது நோய்தான். பன்னெண்டும் ஒரே ஒடம்பும்மா, ஒண்ணுக்கு வந்தா எல்லாத்துக்கும் வரும். இங்க பவளக் குஞ்சுக இருக்கு, அதுக்குத் தொத்துனா அதுவும் போச்சு. நாளைக்கு மத்தியானம் பன்னெண்டுக்குள்ள மீன எடுத்துட்டு பிளீச்சிங் ஊத்திரச் சொல்லியாச்சு, பதினோரு வீட்டுக்கும். யார் மேலயும் தப்பில்ல. நீ புள்ளையப் பாரு."

பதினோரு வீடு. எல்லாமே நல்ல உயிர்கள்.

கைக்குழந்தை உள்ள வீட்டுக்குத் தர முடியாது என்றுதான் முதலில் சொன்னார்கள். இரண்டையும் பார்த்துக்கொள்வேன் என்று மல்லுக்கட்டி வாங்கினேன். கணவர் கப்பலில், டிசம்பரில்தான் வருவார். இப்போது உண்மையைச் சொன்னால் மீனையும் எடுத்துப் போவார்கள். அதுகூடப் பரவாயில்லை. கை கழுவத் தெரியாதவள் பிள்ளையை என்ன லட்சணத்தில் வளர்க்கிறாளோ என்று ஒரு வார்த்தை வரும். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்துதான் உட்கார்ந்திருக்கிறேன்.

லாத்தாவிடமிருந்து செய்திகள் வருகின்றன. திறக்கவில்லை.

ஆகஸ்ட் 7, 11:22. அனுப்பியது.
நோய் இல்லை. யாரும் ஊற்றாதீர்கள். நான்தான் கொன்றேன், களிம்புக் கையால். நீர் மாதிரியிலும் ஏமாற்றினேன். அனுப்பாமல் வைத்திருந்தவை எல்லாவற்றையும் சேர்த்து அனுப்புகிறேன். யாரும் ஊற்றாதீர்கள்.

11:34
முத்துச்செல்வி அக்கா: "நிறுத்தச் சொல்லிட்டேன். பத்து வீடு பதில் குடுத்துருச்சு. கீழக்கரைதான் எடுக்க மாட்டேங்குது. நீயும் கூப்புடு. மத்தது அப்புறம் பேசிக்கலாம்."

இந்த முறை 'ஏம்மா' என்று கூப்பிடவில்லை.

11:47
ஒன்பது முறை அழைத்தேன். எடுக்கவில்லை. பிறகுதான் பழைய செய்திகளைத் திறந்தேன். கடைசியாக வந்தது இன்று காலை 8:05.

"பெனித்தா, நான் ஊத்திட்டேன் புள்ள. பன்னெண்டு வரைக்கும் மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருக்க முடியாதுல்ல. ஊத்துன ஒடனே ஒரு சுருக்கு சுருங்குச்சு பாரு... வேணாம், அத விடு. நேத்திலேருந்து நீ பேசல. ஒன்னயே நெனச்சுக்கிட்டு இருக்கேன். சின்னப் புள்ள, புருஷனும் ஊர்ல இல்ல. மனச ஒடச்சுக்காத என்ன? நோய் வந்ததுக்கு நீ என்ன செய்வ? நான் சம்பந்தி வூட்டுக்குப் போறேன், லுஹர் தொழுகைக்கு மேல பேசுறேன்."

14:40
ஆண் மீன் வெறும் கல்லில் உரசிக்கொண்டிருக்கிறது. முட்டைகளை விசிறுவதை விட்டுவிட்டது. வெப்பம் 26. உப்பு 35.

15:02
திரையில்: வீடு 11 உங்கள் பதிவைத் திறந்துள்ளது.

15:09
இன்னும் படிக்கிறார்.

15:31
படித்து முடித்துவிட்டார். தட்டச்சு செய்கிறார் என்று காட்டுகிறது.

நின்றுவிட்டது.

15:33
மறுபடி தட்டச்சு செய்கிறார்.