ரூத் அம்மாவின் மலை இங்கிலிஷ்

2009 மே, ஞாயிறு இரவு. எஸ்பியர்க்.

முதியோர் இல்லத்தில் இன்று ரூத் அம்மா இறந்துபோனார். அமெரிக்காவில் ஏதோ மலைக்கிராமத்திலிருந்து டென்மார்க்குக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். மறதி நோயில் டேனிஷ் முழுவதும் போய், அந்த மலை இங்கிலிஷ் மட்டும் மிஞ்சியிருந்தது.

காலையில் மூச்சு இழுக்கத் தொடங்கியதும், என்னோடு வேலை செய்யும் சாந்தி அக்கா, மகனைக் கூப்பிடட்டுமா என்று அவரிடம் கேட்டா.

“ஐ டோன்ட் கேர் டு.”

“வேண்டாமாம். பாவம், என்ன கோவமோ,” என்றா அக்கா.

கோப்பி தரவா என்று கேட்டாலும் ரூத் அம்மா இதைத்தான் சொல்லுவார். சொல்லிக்கொண்டே இரண்டு கையையும் நீட்டுவார்.

“இல்லையக்கா, அவ தன்ர மலை இங்கிலிஷில ஓம் எண்டுதான் சொல்லுறா. உடன போன் எடுங்கோ!”

மகன் ஓல்போர்க்கிலிருந்து வந்து சேரும்வரை உயிர் இருந்தது. மகனின் கன்னத்தைத் தடவினார். பிறகு போய்விட்டார்.

வாசலில் மகன் எனக்கு நன்றி சொன்னார். வரும் வழியில் ரேடியோவில் இலங்கைச் செய்தி கேட்டாராம். அங்கே உங்களுக்கு யாரும் இருக்கிறார்களா என்று கேட்டார்.

முள்ளிவாய்க்காலில் அண்ணை இருக்கிறார் என்றேன்.

அண்ணையின் குரலைக் கேட்டு ஒரு மாதத்துக்கு மேலாகிறது. அதை அந்த மகனிடம் சொல்லவில்லை. இருக்கிறார் என்று மட்டும் சொன்னேன்.