வாய்க்காலைத் தாண்டிய வரி அலுவலகம்

இன்று காலை திருவையாற்றுப் பேருந்துக்கு முன்னால் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று வழிவிடாமல் போய்க்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாகப் புது வைக்கோல் வாசனையும் தூசும் சேர்ந்து முகத்தில் அடித்தன. எல்லோரும் முந்தானையாலும் கைக்குட்டையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டிருக்க, நான் சிரித்துவிட்டேன். பக்கத்திலிருந்த அம்மாள் ஒரு மாதிரியாகப் பார்த்தார். வைக்கோல் போருக்குள் கையை விட்டு ஒரு டிவி பெட்டியை இரண்டு பேர் இழுத்தெடுத்த கதையை அவரிடம் எங்கிருந்து தொடங்குவது? அதைச் சொன்னதும் என்னோடு சேர்ந்து சிரிக்கக்கூடியவள் நீதான். நீ போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

நேற்று நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் பழசைக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன். எனக்கே மறந்துவிடக் கூடாது என்பதற்காக.

ஒவ்வொரு வருஷமும் அறுவடைக் காலத்தில் தலைமை அலுவலகம் நம் சின்ன அலுவலகத்தைக் கேட்கும்: வரும் ஆண்டில் மக்களுக்கு எப்படிச் சேவை செய்யப் போகிறீர்கள்? வரி வசூலிக்கிற மத்திய அரசு அலுவலகம் அப்படியொரு கேள்விக்குப் பதில் எழுத வேண்டும் என்பதே எனக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது. பதிலும் வேடிக்கைதான். போன வருஷத்துத் திட்டத்தில் ஆண்டை மட்டும் மாற்றுவார்கள். வணிகர்களோடு ஒரு கூட்டம், ஓட்டல் அரங்கில் ஒரு சொற்பொழிவு, விருந்தினருக்குச் சால்வை, மைசூர்பாக்கு. நாம் இருவரும் ஆய்வாளர்களாகச் சேர்ந்த முதல் வருஷம் அது. நீ அதைப் படித்துவிட்டு என் மேஜையில் போட்டாய்.

“இதுல மக்கள் எங்கடி இருக்காங்க? மைசூர்பாக்குதான் இருக்கு.”

நீயாக ஒரு திட்டம் எழுதினாய். ஞாயிற்றுக்கிழமைகளில் கிராமங்களுக்குப் போவது. முதலில் குடமுருட்டி ஆற்றங்கரையிலிருந்த அந்த ஊர். அங்கே காலனிக் குடும்பங்கள், கூலிக்கு நடவு நட்டவர்கள், பல வருஷம் போராடிச் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வாங்கியிருந்தார்கள். கொடி பிடித்ததற்காகச் சிறைக்குப் போனவர்கள் அந்தத் தெருவில் இருந்தார்கள். பிறகு புறவழிச்சாலைக்காக அந்த நிலத்தையே அரசு எடுத்துக்கொண்டது. நஷ்ட ஈட்டை வங்கியில் போட்டு வட்டியில் குடும்பம் நடத்தினார்கள். வட்டியில் வங்கி வரி பிடித்தது. எங்கள் வருமானம் வரி கட்டும் அளவுக்கு இல்லை என்று எழுதிக் கொடுத்தால் பிடிக்க மாட்டார்கள், பிடித்ததைத் திரும்பவும் கேட்கலாம். இதை அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

பெரியவர், நம் அலுவலகத் தலைவரை நீ அப்படித்தான் சொல்வாய், கையெழுத்துப் போட்டார். ஒரு திருத்தத்தோடு.

“நல்லாத்தாம்மா எழுதியிருக்கே. இடம் மட்டும் பெரிய வீட்டுக் களம்னு போட்டுக்க. நிழல் இருக்கு, ஃபேன் இருக்கு, மேஜை நாற்காலி அவங்களே தர்றாங்க.”

அது எங்கள் பக்கத்து வழக்கம். ஊருக்கு எந்த அதிகாரி வந்தாலும் நாற்காலி பெரிய வீட்டிலிருந்துதான் வரும். நாற்காலி எங்கிருந்து வருகிறதோ அந்த வாசலில்தான் அரசாங்கம் உட்காரும். எத்தனையோ தேர்தல் பார்த்தாகிவிட்டது. வேட்டியின் கரை மாறியது, சுவரில் எழுதும் சின்னம் மாறியது, நாற்காலி வரும் வீடு மாறவில்லை.

சித்திரையில் நடக்க வேண்டிய முகாம் இழுத்து இழுத்து அடுத்த மாசியில்தான் நடந்தது. களத்தில் பந்தல், ஃபேன், மோர். பெரிய வீட்டுக்காரர் மரியாதையான மனிதர், குரலை உயர்த்தவே மாட்டார். காலனியிலிருந்து ஒருவரும் வரவில்லை.

“அவங்க வர மாட்டாங்கம்மா. அவங்களுக்கு இதெல்லாம் எதுக்கு? நீங்க மோர் சாப்பிடுங்க” என்றார் பெரிய வீட்டுக்காரர்.

நீ எழுந்து களத்து ஓரத்தில் நின்று வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பார்த்தாய். ஆடுகளை ஆற்றங்கரைப் பக்கம் ஓட்டிக்கொண்டு போனார்கள். ஒரு பெண் தலையில் அண்டாவோடு வாழைக் கொல்லைக்குள் நுழைந்தாள்.

“ஏண்டி, ஊரே காலி பண்ணுதே. வெள்ளம் கிள்ளம் வருதா?”

“ஜப்தின்னு நெனச்சுட்டாங்க” என்றேன்.

எனக்குத் தெரியும். சொசைட்டிக் கடன் கட்டாதவர்கள் வீட்டில் பாத்திரத்தையும் கதவையும் எடுத்துப்போக வந்தவர்களும் இப்படித்தான் ஜீப்பில் வந்தார்கள், பெரிய வீட்டு வாசலில்தான் மேஜை போட்டார்கள். வரி ஆபீஸ்காரர்கள் வருகிறார்கள், களத்தில் மேஜை போட்டிருக்கிறார்கள் என்று கேட்டால் அந்தத் தெரு வேறு என்ன நினைக்கும்? உனக்கு எப்படித் தெரியும் என்று நீ கேட்கவில்லை. நாகைப் பக்கத்தில் அப்படியொரு தெருவில் பிறந்தவள் நான் என்று அலுவலகத்தில் உனக்கு மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

“அப்ப மேஜைய அங்க போடணும்” என்றாய்.

“அது எங்க வீட்டு மேஜைம்மா” என்றார் அவர், அதே தணிந்த குரலில். “இங்கேயே இருக்கட்டும்.”

“இருக்கட்டுங்க. நீங்க அதைப் பாத்துக்குங்க. நாங்க போயிட்டு வர்றோம்.”

“ஏம்மா, அனுமதி வாங்கின இடம் இதுதான்” என்று நம்மோடு வந்திருந்த பெரியவர் பதறினார்.

“மக்கள் இருக்கும் இடத்துக்கே சென்றுன்னு திட்டத்துல இருக்கு சார். உங்க கையெழுத்தும் இருக்கு. அதைக் காப்பாத்தத்தான் போறோம்.”

வாய்க்காலின் குறுக்கே தென்னங்கட்டைப் பாலம். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நீ முன்னால் நடந்தாய். தெருக்குழாய் மேடையில் ஈரத்தைக்கூடத் துடைக்காமல் உட்கார்ந்தாய். அண்டாவோடு போன பெண்தான் முதலில் வந்தார். பூங்காவனம். இடுப்பில் கை.

“என்னத்த எடுத்துக்கிட்டுப் போக வந்திருக்கீங்க?”

“உங்ககிட்ட எடுத்ததைத் திருப்பி வாங்கித் தர வந்திருக்கோம் அக்கா.”

“கவர்மெண்டு எடுத்ததக் கவர்மெண்டே திருப்பிக் குடுக்குதாக்கும். எங்க காதுல என்ன பூவா வச்சிருக்கு?”

“பூ கிடக்கட்டும். பேங்க் பாஸ்புக்கக் கொண்டாங்க.”

“அது அண்டாவுக்குள்ள இருக்கு.”

“அண்டா எங்க?”

பூங்காவனம் வாழைக் கொல்லையைப் பார்த்தார். முதலில் அவரே சிரித்துவிட்டார். பின்னால் நின்றவர்களில் ஒருவர், “அப்ப டிவிய வெளில எடுத்துடலாமா?” என்று கேட்டார். அப்போதுதான் அந்த வைக்கோல் போரைக் கலைத்தார்கள்.

பூங்காவனத்தின் மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். வட்டியில் பிடித்ததுபோகக் கைக்கு வருவது கட்டணத்துக்குப் போதவில்லை, அந்த வருஷத்தோடு படிப்பை நிறுத்துவதாக இருந்தார்கள். “வரின்னு சொல்றாங்க. எனக்கு எதுக்குங்க வரி? நான் என்ன மில்லா வச்சிருக்கேன்?” என்று அவர் கேட்டதற்கு நீ, “வச்சா சொல்லுங்க, அப்பவும் நானேதான் வருவேன்” என்றாய். வெயில் சாயும்வரை யாரும் நம்மை எழுந்துபோக விடவில்லை. அந்தப் பெண் படிப்பை முடித்தாள்.

இடத்தை மாற்றியதற்கு விளக்கம் கேட்டு உனக்கு மெமோ வந்தது. நீ ஒரே வரியில் பதில் எழுதினாய்: மக்கள் அங்கே இருந்தார்கள். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. அதன்பிறகு முகாம் என்றால் காலனிதான் என்றாயிற்று. நீ படுத்த படுக்கையான பிறகும் நான் தனியாகப் போய்க்கொண்டிருந்தேன்.

இப்போது பெரியவர் ஓய்வு பெற்றுவிட்டார். புதிய அதிகாரி நல்லவர், சுறுசுறுப்பானவர். நேற்றுக் கூட்டத்தில் வரும் ஆண்டுக்கான திட்டத்தை வாசித்தார். கிராம முகாம்களில் வசதிக் குறைவு, ஆகவே இனி பெரிய வீட்டார் கட்டியிருக்கும் கல்யாண மண்டபத்தில் நடத்தலாம், ஏசி உண்டு, இலவசமாகவே தருகிறார்கள். எல்லோரும் தலையாட்டினார்கள். மேஜை நாற்காலி மறுபடியும் அந்த வீட்டுக்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

“இவ்வளவு படிச்சு என்னடி பிரயோஜனம், வாயத் தொறக்க மாட்டேங்கிறியே” என்று நீ எத்தனை முறை கேட்டிருப்பாய். நான் பேசாமல் இருந்ததற்கு அச்சம் காரணமில்லை. என்னைப் பற்றி நாலு பேர் மேஜையில் வைத்துப் பேசுவது எனக்குப் பிடிக்காது, அவ்வளவுதான். நேற்று எழுந்து நின்றேன்.

“அந்த மண்டபத்துக்கு அவங்க வர மாட்டாங்க சார்.”

“இப்பல்லாம் யாரும்மா தடுக்கிறா?”

“யாரும் தடுக்கல சார். நானே போக மாட்டேன். நானும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துக்காரிதான்.”

சிலர் என்னைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். பார்க்கட்டும். நான் உட்காரவில்லை.

“மண்டபம்னு போட்டா அதுக்குப் பேரு சேவையில்ல சார். அவங்க வரலைங்கிறதை ஏசியில உக்காந்து தெரிஞ்சுக்கறதுதான். காலனின்னு போடுங்க. இல்லைன்னா அந்தப் பகுதியையே எடுத்துடுங்க, செய்யறோம்னு பொய்யாவது சொல்லாம இருப்போம்.”

அவர் பேனாவை மூடினார், திறந்தார். கடைசியில் மண்டபத்தை அடித்துவிட்டுக் காலனி என்று எழுதினார். பிறகு கேட்டார்: “இந்த வாய்க்காலைத் தாண்டிப் போற யோசனை முதல்ல யாரோடது?”

உன் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று உனக்கே தெரியும். நல்ல பொண்ணு என்றிருப்பார்கள், ஒரு நிமிடம் தலைகுனிந்திருப்பார்கள், அடுத்த வருஷம் யாராவது அதை மெல்ல எடுத்திருப்பார்கள். இல்லாதவளின் யோசனையை எடுப்பது சுலபம், எதிர்த்துக் கேட்க ஆள் இருக்காது.

“என்னோடது சார்” என்றேன்.

பொறுப்பு என்ற இடத்தில் என் பெயரை எழுதிக்கொண்டார். கோபித்துக்கொள்ளாதே. உன்னிடம் கேட்காமல் எடுத்துக்கொண்டுவிட்டேன், திருப்பித் தருவதாகவும் இல்லை. மெமோ வந்தால் எனக்கு வரட்டும். இனி யாருக்கு அது வேண்டாமோ, அவர்கள் என் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வேண்டும்.