பாய்லர் துணி

முருகன் துணை

கீழ் கோத்தகிரி
12.1.1998

அன்புள்ள ஞானசுந்தரி அக்காவுக்கு,

அங்கம்மா எழுதுவது. தூத்துக்குடியில் நீங்களும் டீமேக்கர் அண்ணனும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே உறைபனியில் தேயிலைக் கொழுந்தெல்லாம் கருகிக் கிடக்கிறது. ரிட்டயர் ஆகிப் போனவர்களுக்கு ஒரு வரி எழுதக்கூட நேரமில்லையா என்று உங்கள் மேல் எனக்குக் கோபம்தான்.

என் இருமல் என்னவென்று கோவை டாக்டர் சொல்லிவிட்டார். நெஞ்சுக்கூட்டின் உள்சவ்வில் புற்று. ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் வருவதாம். நான் டீ பேக்டரிக்குள் காலே வைத்ததில்லை என்றேன். அப்புறம்தான் பாய்லர் துணி நினைவுக்கு வந்தது, அது ஆஸ்பெஸ்டாஸில் நெய்ததாம். டிசம்பரில் பாய்லர் குழாய்களுக்குப் புதுத் துணி சுற்றும்போது, கழித்த துணியைத் தொழிலாளர் லைன் வீடுகளில் கணப்புச் சட்டிக்கு அடியில் விரிப்போமே, பாயில் பொறி விழாமல் இருக்க. எனக்கு அதைக் கொடுத்தது பேக்டரிக்குப் பொறுப்பாக இருந்த நம் அண்ணன்தான், மகன் பிறந்த குளிரில். தினமும் காலையில் வாசலில் நின்று உதறுவேன். வெள்ளையாகப் பறக்கும். அது கெடுதல் என்று எஸ்டேட்டில் யாரும் சொன்னதில்லை.

வைத்தியச் செலவு கேட்டு எஸ்டேட் மேல் ஊட்டி கோர்ட்டில் வழக்குப் போட்டிருக்கிறேன். எஸ்டேட்டுக்காக இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் வருகிறார். பாய்லர்மேன் கந்தன் துணியைத் திருடிக்கொண்டு போனார், அதற்கு யாரும் பொறுப்பில்லை என்கிறார். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது. அவரா வந்து மறுக்க முடியும்? அண்ணன் ஒரு நாள் வந்து, நான்தான் கொடுத்தேன் என்று சொன்னால் போதும்.

உங்கள் தங்கை,
அங்கம்மா


மரியே வாழ்க

தூத்துக்குடி
2.2.1998

அன்புத் தங்கை அங்கம்மாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்து அழுதேன். ஜெபமாலை சொல்லும்போதெல்லாம் உனக்காக வேண்டிக்கொள்கிறேன்.

கடிதத்தை அவரிடம் காட்டவில்லை. அவருக்கு இதயம் பலவீனம். தன் கையால் கொடுத்ததுதான் உனக்கு இப்படி ஆனது என்று தெரிந்தால் அந்த மனுஷன் தாங்கமாட்டார். இன்னொன்றும் இருக்கிறது. அந்த இன்சூரன்ஸ் வக்கீல் எங்களுக்கும் எழுதியிருந்தார், அதையும் இவர் கண்ணில் காட்டவில்லை. எஸ்டேட் உத்தரவு இல்லாமல் இவராகக் கொடுத்திருந்தால், நஷ்டஈடு இவர் தலையில் விழுமாம். எங்களுக்கு இருப்பது இந்த ஒரு வீடுதான்.

கோபப்படாமல் கேள். கந்தன் கேட்காமல் எடுத்து வந்தார் என்றே இருந்துவிட்டுப் போகட்டுமே. போனவருக்கு இனி என்ன குறை வந்துவிடும்? உன் வைத்தியத்துக்கு எங்களால் ஆனதை நான் அனுப்பிக்கொண்டே இருப்பேன்.

அன்புடன்,
ஞானசுந்தரி அம்புரோஸ்


மரியே வாழ்க

தூத்துக்குடி
18.5.1998

அன்புள்ள அங்கம்மாவுக்கு,

மணியார்டர் திரும்பி வந்துவிட்டது. போஸ்ட்மேன் உன்னைப் பார்க்கவில்லையா, நீயே வேண்டாம் என்றாயா? இவர் நேற்றுகூட, கந்தன் வீட்டிலிருந்து கடிதமே காணோமே என்று கேட்டார். ஏதோ சொல்லிச் சமாளித்தேன். உடம்பு எப்படி இருக்கிறது என்று மட்டுமாவது எழுது.

ஞானசுந்தரி


கீழ் கோத்தகிரி
9.9.1998

ஞானசுந்தரி அம்மாவுக்கு,

மூச்சு வாங்குகிறது. விட்டு விட்டுத்தான் எழுதுகிறேன்.

போன மாதம் கோர்ட்டில் என்னை நாற்காலி போட்டு உட்கார வைத்து விசாரித்தார்கள். மேனேஜர் உத்தரவில்தான் டீமேக்கர் கொடுத்தார் என்று ஒரு வார்த்தை சொன்னால் இன்சூரன்ஸ் பணம் வந்துவிடும் என்று என் வக்கீல் முந்தின நாளே சொல்லியிருந்தார். எனக்கும் பிழைக்க ஆசைதான். ஆனால் யார் கொடுத்தது, எதற்குக் கொடுத்தது என்று கேட்டபோது பொய் வரவில்லை.

"கொழந்தைக்குக் குளிருதுன்னு டீமேக்கர் அண்ணன் அவராத்தான் கொடுத்தாருங்க. எங்க ஊட்டுக்காரரு திருடலீங்க" என்றேன்.

பிரியத்தில் கொடுத்ததற்கு இன்சூரன்ஸ் கிடையாதாம், எஸ்டேட்டும் பொறுப்பில்லையாம். வழக்கு தள்ளுபடி. திருட்டு என்ற பேச்சு மட்டும் தீர்ப்பில் இல்லை. அண்ணன் மேல் எதுவும் கேட்கக்கூடாது என்று என் வக்கீலிடம் சொல்லிவிட்டேன். உங்கள் வீட்டுக்கு ஒன்றும் வராது, பயப்பட வேண்டாம்.

அண்ணன் மேல் எனக்கு வருத்தமே இல்லை. அவர் தெரியாமல் கொடுத்தார். நீங்கள் என் வீட்டுக்காரரைத் தெரிந்தே திருடன் ஆக்கச் சொன்னீர்கள். அதுதான் எனக்கு ஆறவில்லை.

டாக்டர் அதிக நாள் சொல்லவில்லை. மகன் தந்தி கொடுப்பான். அதை மறைக்காமல் அண்ணனிடம் கொடுங்கள். அவர் வரட்டும். நீங்கள் வர வேண்டாம்.

இப்படிக்கு,
கந்தன் மனைவி அங்கம்மா