லாண்டியின் பெட்டியில் ராணி இருக்கிறாள்

வில்பெர்த், கண்ணு, ராணி சாகவில்லையடா, லாண்டியின் தேன்பெட்டி உயிரோடு இருக்கிறது, மூடியைத் திறந்து என் கண்ணாலேயே பார்த்தேன்!

இங்கே நான், அப்பா, உன் தங்கை லாண்டி, அவள் குழந்தை எல்லோரும் சுகம், சான் பிரான்சிஸ்கோ குளிரில் நீயும் இருமல் இல்லாமல் இருப்பாய் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். குரல் பதிவு அனுப்பினால் பாதியில் நிறுத்திவிடுகிறாய், அதனால் எழுதி, படம் பிடித்து அனுப்புகிறேன், முழுசாகப் படி. இங்கே நடப்பதில் எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

நம் பெண்கள் குழுவில் வீட்டுக்கு ஒரு கூடு என்று முடிவானது உனக்குத் தெரியும். லாண்டியின் முறை வந்ததும் பழைய மரக்கூட்டிலிருந்து தேனீக்குஞ்சுகள் இருக்கும் அடையை எடுத்துப் புதுப்பெட்டியில் வைத்துக் கொடுத்தோம். தேன் விற்றுக் குழந்தையோடு ஊரிலேயே இருந்துவிடலாம், ஓட்டல் அறை பெருக்கப் போக வேண்டாம் என்று அவளுக்கு அவ்வளவு ஆசை. நான்தான் வீடியோ பார்த்தே தேனீப் படிப்பு முடித்தவளாயிற்றே! ராணிக்கென்று நீளமாக ஓர் அறை தொங்கும் என்று வீடியோவில் காட்டினார்கள், நம் பெட்டியில் எல்லா அறையும் ஒரே அளவு. ராணியே வராது என்று சொல்லிவிட்டேன். அப்புறம் பார்த்தால் ஓர் இளம் ராணியை வேலைக்காரத் தேனீக்கள் கொன்று வாசலில் இழுத்துப் போட்டிருந்தன. ஐயோ, வந்த ராணியையும் கொன்றுவிட்டார்களே என்றேன். நாம் சீமாட்டி என்று கூப்பிடும் இந்தத் தேனீக்கள் முன்னால் சத்தம் போடக் கூடாது என்று இந்த ஊரில் யாருக்குத்தான் தெரியாது, லாண்டி பெட்டி பக்கத்தில் நின்று புருஷனோடு போனில் கத்தியிருந்தாள், அதனால்தான் என்று பழியையும் அவள் மேலேயே போட்டேன். மறுநாளே கடற்கரை ஓட்டல் வேலைக்குச் சரி என்று சொல்லிவிட்டாள். திங்கள் விடிகாலையில் வேன் வருகிறது, குழந்தை என்னிடம் இருக்கும், அவள் வாரத்துக்கு ஒரு நாள் வந்து பார்ப்பாளாம்.

இன்று பெட்டியைத் துடைத்துக் குழுவிடம் திருப்பிக் கொடுக்கலாம் என்று திறந்தால் உள்ளே புது அடை, அதன் மேல் வயிறு பருத்த ராணி நடந்து போகிறாள்! வீடியோவுக்குக் கீழே நான் கேட்டிருந்த கேள்விக்குக் குவாத்தமாலாக்காரர் ஒருவர் பதில் போட்டிருக்கிறார், "அம்மா, நீங்க பார்த்தது கொட்டுற தேனீ, உங்களது கொட்டாத ஜாதி, ராணிக்குத் தனி அறை கட்டாது, நிறைய ராணி பொறக்கும், ஒண்ணை வெச்சுக்கிட்டு மத்ததைத் தீர்த்துடும்" என்று. நம் குழுவில் இருக்கும் பெர்த்தாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "அடியே, உயிர்ப்புத் திருநாளே வருஷத்துக்கு ஒரு தரம்தான், உன் ராணி வாரா வாரம் உயிர்த்தெழறாளே" என்று சிரிக்கிறாள். லாண்டியோ வந்து பார்க்கவே மாட்டேன் என்கிறாள். "ராணி வராதுன்னே, கொன்னுட்டாங்கன்னே, இப்ப இருக்குங்கிறே, என்னைப் போக விடாம இருக்கத்தானேம்மா இதெல்லாம்" என்று கேட்டுவிட்டாள்.

அதுதான் என்னைக் குழப்புகிறது. பெட்டிக்காகத்தான் சொல்கிறேனா, அவள் போய்விடுவாளே என்று சொல்கிறேனா, எனக்கே தெரியவில்லை. ஒரு பெட்டி ஒரு வீட்டைத் தாங்காது, தேன் எடுக்கவும் நாளாகும், அவள் இங்கேயே தங்கி, பெட்டியும் செத்துப் போனால் என்னைத்தான் திட்டுவாள். ஆனால் பெட்டி செத்துவிட்டது என்று நம்பிக்கொண்டு அவள் வேனில் ஏறக் கூடாது. நீ சொன்னால் கேட்பாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் கூப்பிடு, இரு என்றும் சொல்லாதே, போ என்றும் சொல்லாதே, ஒரு தடவை மூடியைத் திறந்து பார் என்று மட்டும் சொல்.

கடவுள் உன்னைக் காக்கட்டும், ஓட்டல் அடுப்படியில் கையைச் சுட்டுக்கொள்ளாமல் வேலை செய், நல்லா சாப்பிடு. ராணியின் படத்தை நம் குடும்பக் குழுவில் போட்டிருக்கிறேன், ஒருத்தரும் இன்னும் பார்க்கவில்லை, நீயாவது பார்த்துப் பதில் போடு, எல்லோருக்கும் அனுப்பு, முதலில் லாண்டிக்கு அனுப்பு.

உன் அம்மா,
ஹெனோவேவா கனுல்