பழைய ரெகுலேட்டரின் ரப்பர் ரிங்

பெங்களூர்
ஜூலை 14

அன்புள்ள ஸ்னேஹாவுக்கு அப்பாவின் ஆசீர்வாதம். இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம், என் முழங்கால் மட்டும் மழைக்கு முணுமுணுக்கிறது. மெல்போர்ன் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? இதைப் போனில் சொன்னால் அம்மா காதில் விழும், அவள் எதிரில் அவளைப் புகழ எனக்கு வராது, அதனால்தான் எழுதுகிறேன்.

நம் பழைய கார் ஒரு மாதமாகக் கரும்புகை கக்கியது, கிட்டே போனாலே பெட்ரோல் வாடை. தெருமுனை மெக்கானிக் டென்சில் பார்த்துவிட்டு ஃப்யூவல் ப்ரெஷர் ரெகுலேட்டர் போய்விட்டது என்றார். என்ஜினுக்குப் போகும் பெட்ரோலின் அழுத்தத்தை அளவோடு வைக்கிற சின்னச் சாமான் அது, உள்ளே சவ்வு கிழிந்தால் வண்டி பெட்ரோலைக் குடித்துத் தீர்க்கும். மாற்றித் தருகிறேன் என்றவரை, ரெண்டு போல்ட்தானே, ரிட்டயர்டு இன்ஜினியருக்கு இது ஒரு வேலையா என்று நான்தான் தடுத்தேன். சிவாஜிநகரில் அலைந்து புதுசு வாங்கி, பம்ப் ஃப்யூஸைப் பிடுங்கி, லைனில் அழுத்தம் தீரும்வரை என்ஜினை ஓடவிட்டு, ஆறவைத்து, எல்லாம் முறையாகத்தான் செய்தேன். கழற்றியதையெல்லாம் அம்மா பேப்பர் விரித்து வரிசையாக வைத்தாள். முப்பது வருஷம் அரசாங்க ரிக்கார்ட் ரூமில் இருந்தவள் ஆயிற்றே, எண்ணிப் பார்க்காமல் அவளால் இருக்க முடியாது. புதுசை மாட்டி, ஃப்யூஸைப் போட்டு, உள்ளே உட்கார்ந்து சாவியில் கை வைத்தேன். அப்போதுதான் பானெட்டுக்குப் பக்கத்தில் நின்றபடி கேட்டாள், புதுசில் ஒரு ரப்பர் ரிங் இருந்ததே, பழசில் அது எங்கே என்று.

உனக்கொன்றும் தெரியாது, சும்மா இரு என்று சொல்ல வாயெடுத்தேன். என்ன புண்ணியமோ, கை நின்றுவிட்டது. கழற்றிப் பார்த்தால் பழைய ரிங் குழாய் வாயிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதன்மேல்தான் புதுசை உட்காரவைத்திருக்கிறேன்! ரெண்டு ரிங் ஒன்றின்மேல் ஒன்று இருந்தால் மூட்டு இறுகாது, பெட்ரோல் கசியும். டென்சில் கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்தார். சாவியைத் திருப்பியிருந்தால் பெட்ரோல் பீச்சியடித்திருக்கும் சார், ஒரு பொறி போதும், பானெட் பக்கத்தில் நின்றது அம்மாவாச்சே என்றார். அவளோ அந்த ரிங்கைத் துடைத்துப் பேப்பரில் வைத்து, இப்போ கணக்கு சரி என்றாள், அவ்வளவுதான், ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. என்ன பெண்மணி! முப்பத்தெட்டு வருஷமாக அந்த 'உனக்கொன்றும் தெரியாது'வை எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

கார் இப்போது புகையில்லாமல் ஓடுகிறது. நீங்கள் இருவரும் தீர்க்காயுசாக, மனமொத்து இருக்க வேண்டும். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், கண்ணில் பட்டதை வாய்விட்டுச் சொல்லிவிடு, உனக்குத் தெரியாது என்று யார் அடக்கினாலும் சரி, அது நானாகவே இருந்தாலும் சரி.

உன் அப்பா,
நாணு